யாரும் நடக்காத அறை

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்; கதை தொடங்கிவிட்டால் விட்டுப்போகும். ஐந்து வயதில் வந்த காய்ச்சலை ஜெயித்தாள். போகும்போது அது அவளுடைய இடது காதை எடுத்துக்கொண்டு போயிற்று. இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனாள், கலவைச் சட்டி சுமந்தாள், ஆண்களே பிடித்துவந்த பூச்சுக் கரண்டியைக் கையில் வாங்கிக் கொத்தனார் ஆனாள். "பொம்பளை கட்டுன சுவரு நிக்குமா?" என்று கேட்ட மேஸ்திரியின் வீட்டு மதிலைப் பின்னாளில் அவள்தான் கட்டினாள். அது நிற்கிறது. அவர் காலையில் அதில் சாய்ந்துகொண்டுதான் பேப்பர் படிக்கிறார். இடிபட இருந்த எங்கள் குடும்ப வீட்டை மீட்டாள். எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒரு பேனாவை ஜெயித்தாள். நேரில் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

வீட்டில் அவளுக்குச் சில்லு என்று பெயர். சின்ன வயதில் உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கிப் பாவாடை மடியில் கட்டிக்கொண்டு வருவாள். அம்மா உதறி வீசுவாள், இவள் மறுபடி பொறுக்குவாள். தெருவில் பாதிப் பேருக்கு அவளுடைய உண்மைப் பெயர் இன்றும் தெரியாது.

வீடு எங்கள் தாத்தா கட்டியது. தெருவிலிருந்து நுழைந்தால் கூடம், பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் கொல்லை. கூடத்துக்கு வலது பக்கம் ஓர் அறை. கூடத்துக்கும் அந்த அறைக்கும் நடுவில் இருக்கும் சுவர்தான் கூரையின் பாதிப் பாரத்தைச் சுமக்கிறது. அதில், அறைக் கதவின் நிலைக்கு மேலிருந்து உத்தரம்வரை சாய்வாக ஒரு விரிசல். நான் பிறப்பதற்கு முன்பே அது இருந்தது. யாராவது விருந்தாளி வருகிறார்கள் என்றால் அப்பா சுண்ணாம்பைக் குழைத்து விரிசலை அடைப்பார், அப்புறம் சுவருக்கு வண்ணம் அடிப்பார். விருந்தாளி போய்ச் சில மாதங்களில் அது மறுபடி வாயைத் திறக்கும்.

அந்த அறையில் யாரும் நடக்கக் கூடாது. அது அப்பாவின் சட்டம்.

"ஏன்பா நடக்கக் கூடாது?"

"எங்கப்பா சொன்னாரு."

"அவரு ஏன் சொன்னாரு?"

"கேட்டா அறைவாரு. நானும் அதையே செய்யவா?"

மழை நாளில் அந்த அறைக்குள்ளிருந்து சத்தம் வரும். யாரோ பெரிய வாயால் தண்ணீரை விழுங்குவது போல ஒரு சத்தம். கொஞ்ச நேரம் அமைதி. மறுபடி ஒரு விழுங்கல். சில்லுவுக்கு ஒரு காதில்தான் கேட்கும் என்றாலும் எங்கள் இருவரில் முதலில் நடுங்குகிறவள் அவள்தான். சத்தம் அவளுக்குக் காதுக்கு முன்னால் உள்ளங்காலில் தெரிந்துவிடும். "அண்ணா, அறை தண்ணி குடிக்குது" என்பாள். அம்மாவின் முந்தானைக்குள் போய் ஒண்டிக்கொள்வோம். அம்மாவும் பயந்துதான் இருந்தாள், ஆனால் வாய் குறையாது. "குடிக்கட்டும். நம்மளக் கடிக்காத வரைக்கும் சரி."

அப்பாவின் சட்டத்தை நாங்கள் ஒரு நாளும் மீறவில்லை. நடக்கத்தானே கூடாது, சாமான் வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. வேண்டாத கனமான பொருளெல்லாம் அந்த அறைக்குப் போயிற்று. மாற்றிய ஓடுகளின் அடுக்கு, உடைந்த கல்மேசை, பழுதான பம்பு, அப்பாவின் இரும்புப் பெட்டி. வாசற்படியில் நின்றபடியே, குழாய்த் துண்டுகளை அடியில் கொடுத்து, கழியால் உள்ளே தள்ளுவோம். ஒரு கால்கூட உள்ளே படாது. அதில் எங்களுக்குப் பெருமை வேறு. அப்பா சொன்னதை இவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்த பிள்ளைகள் தெருவில் இல்லை.

அப்பா இறந்த பிறகு விரிசலை அடைக்க ஆள் இல்லை. சில்லு ஊர் ஊராகக் கட்டட வேலைக்குப் போய்விட்டாள். நான் பேருந்துப் பணிமனையில் இருந்தேன். ஒரு கோடையில் அவள் ஊர் திரும்பி, பையைக் கீழே வைக்காமலேயே சுவருக்கு முன்னால் போய் நின்றாள். விரிசலுக்குள் அவளுடைய கை மணிக்கட்டுவரை போயிற்று. அந்தச் சுவருக்கு அடியில்தான் அம்மா பாய் விரித்துப் படுப்பாள்.

"அம்மா, இன்னைலேருந்து நீ சமையக்கட்டுல படு."

"ஏன், சுவரு என்னைக் கேட்டுச்சா?"

அந்த வருடம் நகராட்சியில் பழைய வீடுகளை எல்லாம் சோதித்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பொறியாளர் அமைதியான மனிதர். சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், அம்மாவின் பாயையும் பார்த்தார். மழைக்காலத்துக்கு முன்னால் சுவர் ஏன் இறங்குகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் காலி செய்துவிட வேண்டும், இடித்துவிடுவார்கள் என்றார்.

"நான் கெட்டவன் இல்லம்மா. உள்ள நீங்க இருக்கும்போது விழுந்துச்சுன்னா எனக்குத் தூக்கம் வராது."

"நீங்க தூங்குறதுக்கு என் வீட்டை இடிக்கணுமா?" என்றாள் அம்மா.

அவர் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

பழுது பார்க்க அனுமதி வாங்க நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். வேலை செய்யும் கொத்தனார் என்று சில்லுவின் கைரேகை கேட்டார்கள். குமாஸ்தா அவளுடைய கட்டைவிரலை மையில் அழுத்தித் தாளில் வைத்தார். ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது, கோடு ஒன்றுகூட இல்லை. துடைத்து மறுபடி வைத்தார். மறுபடி அதே வட்டம். இத்தனை வருடச் சுண்ணாம்பும் சிமெண்டும் அவளுடைய ரேகையைத் தின்றிருந்தன.

"என்னம்மா, விரலா இது? உருளைக்கிழங்கு வெச்ச மாதிரி இருக்கு."

"திருடப் போனா மாட்ட மாட்டேன் சார்," என்றாள் சில்லு.

அவர் சிரித்துவிட்டு, இப்போதைக்கு என்னுடைய சாட்சியை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். வேலை முடிந்த பிறகு, சுவருக்குத் தானே பொறுப்பு என்று கொத்தனார் உறுதி கொடுக்கும் தாளில் மட்டும் கையெழுத்துதான் வேண்டும். வெளியே வந்ததும் அவள் முகம் மாறியது. அவளுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. பலகையில் எழுத்துகள் ஓடிவிடுகின்றன என்று சொன்னதற்காக வாத்தியார் அவளை வெயிலில் நிறுத்தியிருந்தார்.

"செங்கல்லு வெச்ச இடத்துல நிக்கும். எழுத்து நிக்க மாட்டேங்குதுண்ணா. அந்தத் தாளுக்கு வேற ஆளைப் பாத்துக்கலாம்."

அவள் முதலில் செய்த வேலை விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிப் பட்டையை வைத்து, இரண்டு முனைகளையும் சாந்தால் சுவரோடு ஒட்டியது. சுவர் ஒரு மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மவில்லை. காலையில் எழுந்தவுடன் மூவரும் அதைத்தான் பார்ப்போம்.

கூரைதான் சுவரை அழுத்துகிறது என்று அவள் நினைத்தாள். கம்பங்களால் உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஓடுகளில் பாதியை இறக்கினாள். எதிர் வீட்டுச் சைக்கிள் கடைக்காரர் ஏணி பிடித்தார். ஓட்டை வாங்கிக் கீழே அடுக்குவது என் வேலை. பாரம் குறைந்தது. எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அடுத்த வாரம் ஒரு காலையில் பார்த்தால் கண்ணாடி இரண்டாக இருந்தது. மழைகூட இல்லை, காற்றுகூட இல்லை. சில்லு அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நான் நெனச்சது தப்புண்ணா. மேலேருந்து அழுத்தல. கீழே ஏதோ இழுக்குது."

கீழே என்று அவள் சொன்னதும் எனக்குச் சின்ன வயதில் கேட்ட விழுங்கல் சத்தம் ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்திருக்கும்.

பிறகு அவள் செய்ததை வேறு யாரும் செய்திருப்பார்களா என்று தெரியவில்லை. உளியை எடுத்து, விரிசலுக்குள் அப்பா அடைத்த பூச்சுகளை மேலிருந்து ஒவ்வொன்றாகப் பெயர்த்தாள். ஒவ்வோர் அடைப்பின் மேலும் அந்தந்த வருடம் சுவருக்கு அடித்த வண்ணம் ஒட்டியிருந்தது. பெயர்த்த துண்டுகளை வரிசையாகப் பலகையில் வைத்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

"இது என்ன வருஷம்மா?"

"இந்த ரோசு நீ பொறந்தப்ப அடிச்சது. உங்கப்பன் சாயத்தை அதிகமாக் கலந்துட்டு என்னைத் திட்டுனாரு."

"இந்த மஞ்சள்?"

"உங்கண்ணன் பொறக்குறதுக்கு முந்தி."

"இந்தப் பச்சை?"

"நான் கல்யாணமாகி வந்தப்ப வீடு பச்சை." அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

பச்சைக்கும் உள்ளே இன்னும் ஒரு துண்டு இருந்தது. கருநீலம். அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்த வண்ணத்துல இந்த வீட்டை நான் பார்த்ததே இல்ல."

சில்லு அந்தத் துண்டை உடைத்தாள். மற்ற அடைப்புகளெல்லாம் வெறும் சுண்ணாம்பு. இதில் மட்டும் செங்கல் தூள் கலந்து சிவந்திருந்தது. அவள் வாசற்படியில் மண்டியிட்டு, பூட்டிக் கிடந்த அறையின் கதவைத் திறந்து, கையை மட்டும் நீட்டித் தரையின் ஓரத்தைச் சுரண்டினாள். அதே சிவப்புக் கலவை. தாத்தா அறைக்குத் தரை போட்டபோது மிச்சமான கலவையால்தான் விரிசலை முதன்முதலாக அடைத்திருக்கிறார். அப்படியென்றால் தரை காய்வதற்கு முன்பே சுவர் விரிந்துவிட்டது.

கரண்டியின் பிடியால் தரையைத் தட்டினாள். படியோரம் கெட்டியான சத்தம். கையை எட்டி இன்னும் உள்ளே தட்டினாள். பானையைத் தட்டியது போல ஒலித்தது. அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அறையைக் காலி செய்யாமல் எதுவும் செய்ய முடியாது, ஆனால் உள்ளே கால் வைக்கவும் முடியாது. இரண்டு ஏணிகளைச் சேர்த்துக் கட்டி, ஒரு முனையைக் கூடத்தில் ஒரு முக்காலியின் மேலும் மறுமுனையை எதிர்ச்சுவரின் ஜன்னல் விளிம்பிலும் வைத்தாள். தரையைத் தொடாமல் ஏணி அந்தரத்தில் நின்றது. இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையை என் கையில் கொடுத்தாள். அம்மாவை எதிர்க் கடையில் உட்கார வைத்தோம். உடைந்த கண்ணாடிக்குப் பதிலாகப் புதிய கண்ணாடிப் பட்டை ஒட்டியிருந்தது. என் ஒரு கண் கயிற்றில், ஒரு கண் கண்ணாடியில்.

ஏணியில் குப்புறப் படுத்து ஊர்ந்து போனாள். ஓடுகளைக் கூடை கூடையாக அனுப்பினாள். பம்பை இழுத்தோம். கல்மேசையைத் துண்டுகளாக இழுத்தோம். கடைசியில் இரும்புப் பெட்டிதான் பாக்கி. அதற்குக் கயிறு மாட்டிவிட்டு, வலது காதை ஏணிச் சட்டத்தில் வைத்துப் படுத்தாள். தரை முனகினால் மரம் வழியாகத் தெரியும் என்பது அவள் கணக்கு. நானும் சைக்கிள் கடைக்காரரும் பெட்டியை இழுத்தோம். அது ஒரு முழம் நகர்ந்தது.

டிக் என்று ஒரு சின்னச் சத்தம். கண்ணாடி.

"சில்லு! வெளிய வா!"

அவள் திரும்பவில்லை. நல்ல காது மரத்தோடு இருந்தது, மேலே இருந்தது கேட்காத காது. "சில்லு!" என்று இன்னொரு முறை கத்தினேன். அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டு, 'இழு' என்று கையசைத்தாள். பெட்டியின் கயிற்றை விட்டேன். இடுப்புக் கயிற்றைப் பிடித்து என் முழுப் பலத்தோடு இழுத்தேன். அவள் ஏணியில் உரசிக்கொண்டு பின்னால் வந்தாள். கால்கள் வாசற்படிக்கு இந்தப் பக்கம் வந்த நேரத்தில் தரை நடுவில் குழிந்தது. சத்தமே இல்லாமல் குழிந்தது. பிறகு பெட்டி காணாமல் போயிற்று. அதற்கும் பிறகுதான், எங்கோ ஆழத்திலிருந்து, தண்ணீரில் விழுந்த சத்தம் வந்தது.

புழுதி மெல்ல அடங்கியது. பாசி நாற்றம் கூடத்தை நிறைத்தது.

"மெதுவா இழுக்கத் தெரியாதாண்ணா? முட்டியெல்லாம் போச்சு," என்றாள். தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "கிணறு," என்றாள்.

சைக்கிள் கடைக்காரர்தான் முதலில் தேறினார். "பெட்டியில ஏதாச்சும் இருந்துச்சா?"

"அப்பாவோட துருப்பிடிச்ச பூட்டுங்க."

"போகட்டும். கிணத்தைப் பூட்டிக்கட்டும்."

தெருவைக் கடந்து ஓடிவந்த அம்மா குழியைப் பார்த்ததும் சுவரைப் பிடிக்கப் போனாள், சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா நான் காலை நீட்டிப் படுத்தது கிணத்துப் பக்கமாவா?"

நடந்தது இதுதான். தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்ததும் தாத்தாவுக்குக் கிணறு தேவைப்படவில்லை, ஓர் அறை தேவைப்பட்டது. கிணற்றைத் தூர்க்கப் பொறுமை இல்லாமல், வாயில் மரச் சட்டங்களைப் போட்டு, பலகைக் கல் பரப்பி, மேலே தரை போட்டுவிட்டார். சுவரும் கிணற்றின் விளிம்பில் ஒரு சட்டத்தின் மேல்தான் நின்றது. சுவர் உடனே விரிந்ததைப் பார்த்துப் பயந்திருக்கிறார். அதனால்தான் நடக்காதே என்றார். காரணத்தைச் சொல்ல வெட்கப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன். பிள்ளைக்குப் பயத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதை எங்களுக்குக் கொடுத்தார். நாங்கள் அதன் தலையில் இரும்புப் பெட்டியை ஏற்றினோம். மழையில் கிணற்று நீர் ஏறி இறங்கியதுதான் அந்த விழுங்கல் சத்தம்.

பொறியாளர் வந்து பார்த்து, தாமே படம் வரைந்து கொடுத்தார். கிணற்றைக் கல்லும் மணலுமாகப் படுகை படுகையாக நிரப்ப வேண்டும். சுவருக்கு அடியில் ஒரு முழ நீளத்துக்கு மட்டும் தோண்டி, புது அஸ்திவாரம் கட்டி, அது இறுகிய பிறகுதான் அடுத்த முழத்தைத் தோண்ட வேண்டும். ஒவ்வொரு முழத்தைத் தோண்டும்போதும் அந்தப் பகுதிச் சுவர் அவள் தலைக்கு மேல் அந்தரத்தில் தொங்கும். மேஸ்திரிகள் யாரும் வரவில்லை. அவளே குழிக்குள் இறங்கினாள். இறங்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கூடத்தின் மூலையில் போய் வாந்தி எடுத்தாள். அதன் பிறகு வாயைக் கழுவிக்கொண்டு இறங்கினாள். எனக்கு வேலை கல் எடுத்துக் கொடுப்பதும், கண்ணாடியைப் பார்ப்பதும்.

மழைக்காலத்துக்கு முன் கிணறு நிரம்பி, புதுத் தரை போட்டு, இறக்கிய ஓடுகளும் மேலே ஏறி, எல்லாம் கட்டி முடிந்தது. கடைசிக் கண்ணாடிப் பட்டையை ஒட்டினாள். இனி மழை ஓயும்வரை அது உடையாமல் இருந்தால்தான் வீடு நிற்கும், அம்மா உள்ளே படுக்கலாம். உடைந்தால் பொறியாளர் இடிப்பார். அவர் இடிப்பது சரிதான் என்று சில்லுவே சொல்லிவிட்டாள்.

அந்த மழைக்காலத்தில்தான் அவளுக்கு எழுத்து வந்தது. அறையின் உட்பக்கச் சுவரைப் பூசிக்கொண்டிருந்தவள், ஈரப் பூச்சின் மேல் கரண்டி நுனியால் கிறுக்குவதைப் பார்த்தேன். நான் ஒரு செங்கல்லில் சாக்குக்கட்டியால் அவள் பெயரை எழுதிவைத்தேன். அவள் பார்த்து எழுதினாள். எழுத்துகள் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாகச் சிதறின. எரிச்சலில் துடைத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, செங்கல் வரிசை பிடிக்கும் நூலை எடுத்து, சுவரில் இரண்டு ஆணிக்கு நடுவில் இழுத்துக் கட்டினாள். நூலின் மேல் ஒவ்வோர் எழுத்தாக உட்கார வைத்தாள்.

"ஒக்காருதுண்ணா!"

"ஓடலையா?"

"ஓடப் பாக்குது. நூலைப் பாத்து நின்னுடுது."

எழுதுவாள், தேய்த்து மட்டம் செய்வாள், மறுபடி எழுதுவாள். சுவர் முழுவதும் அவள் பெயர் பூச்சுக்குள் போயிற்று; பெயர் பழகியதும் காலண்டரைப் பார்த்து மாதத்தையும் கிழமையையும்கூட நூலில் ஏற்றினாள். ஒன்றையும் அவள் விட்டுவைக்கவில்லை. "கண்ணாடி நிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள்.

பெரிய மழை வந்தது. கொல்லையில் முழங்கால் அளவு தண்ணீர். மூவரும் கூடத்தில் உட்கார்ந்து அறையைக் கவனித்தோம். விழுங்கல் சத்தம் வரவில்லை. வராததும் பயமாகத்தான் இருந்தது. சில்லு செருப்பைக் கழற்றிவிட்டு, பிறந்ததிலிருந்து முதல் முறையாக, வேலைக்கென்று இல்லாமல், அந்த அறைக்குள் நடந்தாள். நடுவில் போய் நின்று உள்ளங்காலால் கேட்டாள். அம்மா வாசற்படியிலிருந்து, "போதும், வாடீ!" என்று கத்தினாள். கண்ணாடி அப்படியே இருந்தது.

மழை ஓய்ந்து, தரை காய்ந்து, பொறியாளர் வந்து கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்த பிறகு எங்களை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். அதே குமாஸ்தா தாளை மேசையில் வைத்து, மைப்பெட்டியை வேண்டுமென்றே தூர நகர்த்தினார். "உருளைக்கிழங்கு வேணாம்மா."

சில்லு பேனாவைப் பிடித்தாள்.

"அண்ணா, விழுந்துச்சுன்னா?"

"கண்ணாடி ஒடையலையே."

"இதுவரைக்கும். இனிமே அம்மா அங்கதானே படுப்பா."

"அப்ப வேற ஆளைப் போடச் சொல்லவா?"

அவள் என்னை முறைத்தாள். "நான் கட்டுன சுவருக்கு எவன் போடுவான்?"

இடுப்புப் பையிலிருந்து நூலை எடுத்தாள். தாளின் மேல் குறுக்காக வைத்து, ஒரு முனையை என்னையும் மறுமுனையைக் குமாஸ்தாவையும் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவர் சிரிக்காமல் பிடித்துக்கொண்டார். நூலின் மேல் தன் முழுப் பெயரையும் ஒவ்வோர் எழுத்தாக உட்கார வைத்தாள். பிறகு அதற்குக் கீழே, குமாஸ்தா சொல்லச் சொல்ல, தேதியையும் எழுதினாள்: 2011 பிப்ரவரி 9, புதன்கிழமை.